பில்ட்டவுன் மண்டையோடும் சேலத்து மாம்பழமும்

லண்டன் தோர்ண்டன் ஹீத் தமிழ்க் கடையில் மாம்பழம் பார்த்துக்கொண்டே, காலையில் மியூசியத்தில் கண்ட பில்ட்டவுன் மண்டையோட்டின் கதையைக் கடைக்காரருக்குச் சொல்கிறேன். யாரோ மனித மண்டையோட்டுக்குக் குரங்குத் தாடையைப் பொருத்தி, பல்லை அராவி, சாயமேற்றி, பில்ட்டவுன் என்ற இங்கிலாந்துக் கிராமத்தில் புதைத்துவிட்டார்கள். அதைத் தோண்டியெடுத்து, ஆதிமனிதன் இங்கிலாந்துக்காரன்தான் என்று வெள்ளைக்காரர்கள் நாற்பது வருடம் பூரித்திருக்கிறார்கள். செய்த ஆளை இன்னும் தேடுகிறார்களாம்.

"எங்கட ஊர் ஆள் எண்டு சொன்னா ஆர் அண்ணை பல்லைப் பிடிச்சுப் பாப்பினம்?" என்று சிரிக்கிறார் கடைக்காரர். "நீங்கள் எவடம்?"

"சேலம்."

"அட, இதுவும் சேலத்துப் பழம்தான்."

உச்சி குளிர்ந்து இரண்டு பெட்டி எடுக்கிறேன். பின்னால் நிற்கும் பெண் அதே பழத்தைக் காட்டி, "தம்பி, இது யாழ்ப்பாணத்துப் பழமோ?" என்கிறார்.

"ஓம் அக்கா, எங்கட ஊர்ப் பழம்தான்."

ஆளைப் பிடித்துவிட்டேன். பெட்டியைத் திருப்பி வைக்கத்தான் மனம் வரவில்லை.