மூன்றாம் கட்டத்துப் பிள்ளை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் நடந்தது இது. நான் அப்போது நாகர்கோவிலில் லேஸ் பின்னும் பெண்களுக்கு மாதிரிப் படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். நூல்கண்டு சுற்றி வரும் சீமைப் பத்திரிகைக் காகிதத்தில் கட்டம் கட்டமாகப் படக்கதை இருக்கும். பாஷை புரியாது, கதை புரியும். கசங்கலை நீவி நீவிப் பார்த்தே நானும் அப்படி வரையக் கற்றுக்கொண்டேன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். குடலில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுக்கக் கிளம்பியவர்கள், எழுத்துத் தெரியாத ஜனங்களுக்காக ஒரு படக்கதை கேட்டார்கள். ஒரே தாளில் ஆறு கட்டம் வரைந்தேன். சோகை பிடித்த பையன் நிற்கிறான், மருந்து குடிக்கிறான், மருந்தின் வேகத்தில் துவண்டு கிடக்கிறான். பிறகு எழுகிறான், கஞ்சி குடிக்கிறான், ஓடுகிறான். அச்சில் அது மூன்று மூன்றாக இரண்டு தாளாகிவிட்டது. அவர்களோடு என்னையும் ஊர் ஊராக நடக்க வைத்தார்கள். கால் வீங்கி, உப்புக்காற்றில் கண் எரிய அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தால், ஒருத்தியும் பிள்ளையைக் கொண்டுவரவில்லை.

"எனக்க பிள்ளைக்கு வேண்டாம் டீச்சர். குடிச்சா விழுந்து போவும்னு நீங்களே வரஞ்சு வச்சிருக்கியளே!" என்றாள் ஒரு தாய். அவள் இடுப்பிலிருந்த பையன் முகத்தில் பொட்டு ரத்தம் இல்லை.

படத்தை ஒட்டியிருந்த தேவாலயத்துக்குள் போய்ப் பார்த்தேன். உபதேசியார் அழகு பார்த்து, முதல் தாளைப் பெண்கள் உட்காரும் பக்கத்துச் சுவரிலும், அடுத்ததை ஆண்கள் பக்கத்துச் சுவரிலும் ஒட்டியிருந்தார். பிள்ளை விழுந்ததோடு கதை முடிந்தது என்று பெண்கள் இருந்தார்கள். ஓடுகிற பிள்ளைக்கு மருந்து எதற்கு என்று ஆண்கள் இருந்தார்கள். சிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

அந்தத் தாயை ஆண்கள் பக்கம் கைபிடித்துக் கூட்டிப்போனேன். அங்கே அவள் கால் வைத்ததே இல்லையாம். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது வேற பிள்ளையில்லா?" என்றாள். உண்மைதான், எழுந்தவனுக்கு நான் சட்டை போட்டுவிட்டிருந்தேன். ஒரு கரித்துண்டை எடுத்து, அவள் மகனுக்குக் காதோரம் இருந்த மச்சத்தை ஆறு கட்டத்துப் பையனுக்கும் வைத்தேன். அதன்பிறகுதான் அவள் சம்மதித்தாள்.

மருந்து குடித்த பையன் அவள் மடியில் அப்படியே துவண்டான். கண் திறக்கவில்லை. அவள் அழவில்லை, என்னை ஏசவுமில்லை.

"மூணாம் கட்டத்துல கிடக்கான். நாலாம் கட்டம் எப்போ வரும் டீச்சர்?" என்று கேட்டாள்.

எனக்கு அது தெரியாது. வரைந்தவள் நான்தான், ஆனால் தெரியாது. பயத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் சாய்ந்தபிறகு அவன் முனகி, கஞ்சி கேட்டான். அவள் அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன்.

இன்றும் கட்டம் போட்டு வரைகிறேன். ஆனால் மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவே நான் விரற்கடை அகலம் விட்ட அந்த வெள்ளை இடைவெளிக்குள்தான் ஒரு தாய் பகலெல்லாம் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள் என்ற நினைப்பு, அந்த இடம் வரும்போதெல்லாம் என் கையை நிறுத்திவிடுகிறது.