புலிச்சாமிக்கு இடமாற்றம்

சியாயி ஊரில், சந்தைக்குப் பின்தெருவில், இரண்டாம் மாடியில் குடியிருக்கும் பீசியாவுக்கு ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் பிழைப்பு. கல்யாணமான புதிதில் எதிர்வீட்டுக்காரி, "ஒரு மணி நேரம் பாத்துக்க, இதோ வந்துட்டேன்" என்று விட்டுப்போன குழந்தை மூன்று வருடம் இருந்தது. அப்புறம் அதன் தம்பி வந்தான். தெருவில் யார் பிள்ளை பெற்றாலும் பீசியா வீட்டு வாசலில் வந்து நிற்பது வழக்கமாயிற்று. அவளும் யாரிடமும் கைகட்டி நின்றதில்லை. எந்தக் குழந்தைக்கு எப்போது கஞ்சி, எதை எப்படித் தட்டினால் தூங்கும், எல்லாவற்றிலும் அவள் வைத்ததுதான் சட்டம்.

அதற்கு மேல் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. வீட்டில் பிள்ளை பார்ப்பவர்கள் இனி நகரத்துக் குழந்தைப் பராமரிப்பு மையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். மையத்திலிருந்து ஆள் வந்து வீட்டைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

"நேத்துப் பொறந்த பொண்ணு ஒருத்தி வந்து எனக்குக் குழந்தை தூக்கச் சொல்லித் தருவாளாக்கும்!" என்று பீசியா முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

தோங்தோங் மட்டும் இல்லையென்றால் கடைசிவரை முரண்டு பிடித்திருப்பாள். தோங்தோங் இன்னும் நடக்கத் தொடங்காத பெண் குழந்தை. அவள் அம்மா ஜியாவென், ரயில் நிலையத்தில் சாப்பாட்டுப் பெட்டி விற்கும் கடையில் வேலை செய்பவள்; அப்பா கப்பலில். ஒருநாள் சாயங்காலம் ஜியாவென் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, மையத்துல பதிஞ்சவங்ககிட்ட விட்டாத்தான் அரசாங்கம் உதவித்தொகை குடுக்கும். இல்லேன்னா எனக்குக் கட்டாது. மாமியார், மலைக்கு அந்தாண்ட தைதுங்குல அவங்க வீட்டுக்கே கொண்டுவந்து விட்டுடுங்கறாங்க. மாசத்துக்கு ஒரு தடவை போய்ப் பாத்துக்கலாமாம்."

"மாசத்துக்கு ஒரு தடவை பாக்க அவ என்ன கரண்டு பில்லா?" என்றாள் பீசியா. மறுநாளே முரண்டையெல்லாம் மூட்டைகட்டிவிட்டு மையத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்தாள்.

வீட்டைப் பார்க்க வந்தவள் ஜியென் என்ற இளம்பெண். வந்ததும் பையை ஓரமாக வைத்துவிட்டு, முழங்காலில் மண்டியிட்டுத் தவழ்ந்தே வீடு முழுக்கச் சுற்றினாள். குழந்தையின் கண் போகும் உயரத்தில் பார்த்தால்தான் ஆபத்து தெரியுமாம். பக்கத்திலேயே தோங்தோங்கும் போட்டி போட்டுக்கொண்டு தவழ்ந்தாள். சும்மா சொல்லக்கூடாது, பீசியாவுக்கே அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. ஆனால் எழுந்து நின்று அவள் சொன்ன இரண்டு குறைகளில் ஒன்று புருஷன்மீதும் மற்றொன்று சாமிமீதும் போய் விழுந்தது.

புருஷன் சிங்ஃபா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கூடத்தின் நடுவில் அவருடைய டீ மேசை. அதில் கெட்டில் காலை முதல் கொதித்துக்கொண்டே இருக்கும். கீழே கடை வைத்திருக்கும் முடிதிருத்துகிற லாய், வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் மேலே வந்து உட்கார்ந்துவிடுவான். கொதிக்கும் கெட்டில் குழந்தைகள் இருக்கும் இடத்தில் கூடாது என்றாள் ஜியென்.

அடுத்தது புலிச்சாமி. கூடத்துச் சாமி மேடைக்கு அடியில், தரையில் உட்கார்ந்திருக்கும் சின்ன மரப்புலி. பெரிய சாமிகள் மேலே இருக்க, புலிச்சாமிக்கு என்றைக்கும் இடம் தரைதான். எதிரே பச்சை முட்டையும் மிட்டாயும் ஊதுவத்திச் சட்டியும். குழந்தைகளைக் காக்கிற சாமி என்று அவருக்குப் பெயர். அந்த வீட்டில் குழந்தைகளிடமிருந்து அவரைக் காப்பதுதான் பெரும்பாடு. காதைக் கடிப்பார்கள், மிட்டாயைத் திருடுவார்கள். தோங்தோங் காலையில் வந்ததும் தவழ்ந்துபோய் அவர் மூக்கை நக்கிவிட்டுத்தான் பால் குடிப்பாள்.

"புலி இருக்கட்டும்மா. எங்க வீட்டுலயும் கும்பிடறோம்" என்றாள் ஜியென். "ஆனா நெருப்பும் சாம்பலும் குழந்தை கைக்கு எட்டக் கூடாது. மேல வெச்சிடுங்க. வியாழக்கிழமை திரும்ப வர்றேன்."

சாமி ஓரிடம், ஊதுவத்திச் சட்டி ஓரிடம் என்று வைக்கிற வழக்கம் இல்லை. வைத்தால் இரண்டையும் மேலே வைக்க வேண்டும். தரைச்சாமியை மேலே ஏற்றுவதென்றால் உத்தரவு கேட்காமல் முடியுமா? அவர் சிங்ஃபாவின் குடும்பத்துச் சாமி. உத்தரவு கேட்க வேண்டியவரும் சிங்ஃபாதான்.

சிங்ஃபா பிறைபோல் வளைந்த இரண்டு மரக்கட்டைகளைக் கையில் ஏந்தி, பெயரையும் வீட்டு விலாசத்தையும் சொல்லி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து, தரையில் போட்டார். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாக்கவும் விழுந்தால் உத்தரவு. இரண்டும் மல்லாந்துவிட்டால் சாமி சிரிக்கிறார், உத்தரவு தரவில்லை என்று பொருள். இரண்டும் மல்லாந்தன.

மறுபடி போட்டார். சிரிப்பு. மறுநாள் போட்டார். அன்றும் சிரிப்பு.

"அண்ணே, சாமி உன்னப் பாத்து விழுந்து விழுந்து சிரிக்குது" என்றான் லாய், டீயை உறிஞ்சிக்கொண்டே.

"எறங்க மாட்டேங்கறாரே" என்று கையை விரித்தார் சிங்ஃபா.

"ஏறத்தானே சொல்றோம்!" என்றாள் பீசியா.

ஜியாவென் அன்று மாலை குழந்தையை எடுக்க வந்தவள், அதன் கம்பளித் தொப்பியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். தைதுங்கில் காற்று அதிகமாம். சித்திரை வெயிலில் தொப்பியைத் தேடுகிறவள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிய ஜோசியம் பார்க்க வேண்டுமா?

புதன்கிழமை மத்தியானம், சமையலறையில் கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்த பீசியா தட்டோடு வெளியே வந்தபோது சிங்ஃபா மறுபடி கட்டையும் கையுமாக மண்டியிட்டிருந்தார். மனைவி முதுகுக்குப் பின்னால் நிற்பது தெரியாமல் முணுமுணுத்தார்.

"புலியய்யா, நீங்க மேல போய்க்குங்க. என் டீ மேசை மட்டும் எங்கயும் போகாம இங்கயே இருக்கட்டும். ரெண்டுக்கும் சேத்து ஒரே உத்தரவாக் குடுத்துடுங்க."

கட்டைகள் விழுந்தன. இரண்டும் மல்லாக்க.

"அடப் பாவி மனுஷா!" பீசியா தட்டைக் கீழே வைத்தாள். "புலி வால்ல கெட்டிலைக் கட்டித்தான் இத்தனை நாளும் கேட்டீங்களா? சிரிக்காம என்ன செய்வாரு?"

கையும் களவுமாக அகப்பட்ட சிங்ஃபா முதலில் மழுப்பினார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். "ஆயுசெல்லாம் பஸ்ஸு ஓட்டினேன். நாலு பேரு என்கிட்ட வந்து உக்காந்து பேசறது இந்த மேசை இருக்கறதாலதான். இதையும் எடுத்துட்டா நான் எங்க போய் உக்கார்றது?"

பீசியாவுக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. கோபத்தைக் குறைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க படியெறங்கினா லாய் கடை வாசல். தோங்தோங் போனா மலை தாண்டிப் போகணுங்க. அம்மா மொகம் மறந்துபோயிடும்."

சிங்ஃபா எழுந்துபோய்க் கெட்டிலின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். திரும்பி வந்து மண்டியிட்டு, இந்தத் தடவை தெரு கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"குழந்தைக்காகக் கேக்கறேன். நீங்க மேல போங்க, நான் கீழ போறேன்."

மூன்று முறை போட்டார். மூன்று முறையும் ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க.

"கொஞ்சமாவது யோசிச்சிருக்கலாம்" என்று புலியிடம் மனத்தாங்கலோடு சொல்லிவிட்டு, அன்றைக்கே மேசையைத் தலையில் வைத்து லாய் கடை வாசலுக்குக் கொண்டுபோனார்.

வியாழக்கிழமை ஜியென் வந்தாள். கூடத்தைப் பார்த்தாள், புலி இருந்த உயரத்தைப் பார்த்தாள், தலையாட்டினாள். எல்லாம் சுமுகமாக முடியும் நேரத்தில் தோங்தோங் தூக்கம் கலைந்து, நேரே மேடைக்கு அடியில் தவழ்ந்து போனாள். இடம் காலி. நாலாபுறமும் பார்த்தாள். வாய் கோணியது. அப்புறம் வீடே அதிரும்படி ஓர் அலறல்.

பீசியா தூக்கினாள், தட்டினாள், பாட்டுப் பாடினாள். எந்தக் குழந்தையையும் நொடியில் அடக்குகிற கை அது. அன்று பார்த்துப் பலிக்கவில்லை. குழந்தை அவள் கையிலிருந்து திமிறித் திமிறி அந்த வெற்றிடத்துக்கே இறங்கியது. ஜியென் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். போயிற்று, எல்லாம் போயிற்று என்று பீசியாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அலறல் கேட்டு மாடிப்படியில் தடதடவென்று சிங்ஃபா ஏறி வந்தார். ஜியென் இருப்பதைக் கண்டுகொள்ளவே இல்லை. நேரே போய், வயிற்றை எக்கிக்கொண்டு, மேடைக்கு அடியில் நுழைந்து, நாலு காலில் நின்று, "க்ர்ர்ர்" என்றார்.

தோங்தோங் அழுகையை நிறுத்தினாள். தவழ்ந்துபோய் முகத்தைப் பிடித்து மூக்கை நக்கினாள். பிறகு காதைக் கடித்தாள்.

"இவர் யாரு?" என்றாள் ஜியென், சிரிப்பை அடக்க முடியாமல்.

"வீட்டுக்காரருங்க. குழந்தைன்னா ஆகாது அவருக்கு."

ஜியென் பேனாவை மூடினாள். "என் பக்கம் எல்லாம் சரிம்மா. தோங்தோங்கை நீங்களே பாத்துக்கலாம்."

சாயங்காலம் ஜியாவென் வேலைச் சீருடையோடு ஓடி வந்தாள். மூச்சிரைக்க, "என்னக்கா சொன்னாங்க?" என்றாள். பீசியா உதட்டில் விரல் வைத்து உள்ளே காட்டினாள். சிங்ஃபா மேடைக்கு அடியில் மல்லாந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் வயிற்றின்மேல் தோங்தோங் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எழுப்பிடாத. நாளைக்குக் காலையிலயும் எப்பவும்போல இங்கதான வரப்போறா அவ" என்றாள் பீசியா.

ஜியாவென் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். அழுதுகொண்டே மாமியாருக்குப் போன் போட்டாள்.