மூடா ஆற்றில் மாட்டோடு மூன்று நாள்

ஊர் சுற்றிப் பார்க்க நாங்கள் போகவில்லை. எங்களிடம் இருந்த ஒரே கறவை மாடு தை மாதம் செத்துப் போனது. பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்களிடம் பால் வாங்கும் ஆறு வீட்டுக்காரர்களும், சனிக்கிழமை காலை பால் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். மூடா ஆற்றின் மேற்பக்கத் தோட்டம் ஒன்றில் மாடு விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, மாசி முதல் வாரம் நானும் எங்கள் வீட்டுக்காரரும் கிளம்பினோம். அந்தப் பக்கம் மாடு வாங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் மாட்டின் மேல் போடுங்கள்.

போகும்போது நீரோட்டத்துக்கு எதிராக இரண்டு நாள். கொசுவைத் தவிரச் சொல்ல ஒன்றும் இல்லை.

மாட்டுக்காரியின் பெயர் அஞ்சலை, தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள். "கன்னு செத்ததுலேருந்து எனக்கு மட்டுந்தான் விடுது, அண்ணே. வேற ஆள் கைக்குக் கொஞ்சம் சிரமம்" என்று அவள் நியாயமாகத்தான் சொன்னாள்.

எங்கள் வீட்டுக்காரர் மீசையைத் தடவினார். "இருபது வருஷமா மாட்டு மடியில கெடக்குற கை இது. எனக்கு விடாத மாடு இன்னும் பொறக்கல."

அந்தப் பேச்சை நான் மறக்கவே இல்லை. அவரையும் மறக்க விடவில்லை.

ரயிலடிக்குப் பதினெட்டு மைல். அவ்வளவு தூரம் நடத்தினால் கறவை மாடு பாலை மறந்துவிடும். அதனால் திரும்பும்போதும் ஆறுதான். படகுக்காரர் காதர் நானாவின் சின்னத் தொங்கான் கூரை ஓலையை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கு வந்தது. ஆளுக்கு ஒரு வெள்ளி, மாட்டுக்கு மூன்று வெள்ளி. வைக்கோல் நம்முடையது. புதன்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு அஞ்சலையே கடைசியாகக் கறந்து கொடுத்தாள். வெயில் தாங்காது என்று தன் பழைய சேலை ஒன்றை மாட்டின் முதுகில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேலைக்குப் போனாள். ஆறு மணிக்குத் தொங்கான் நகர்ந்தது.

தொங்கானில் உட்கார்ந்தே களைத்துப் போவது எப்படி என்று அன்று தெரிந்துகொண்டேன். மாடு இடப்பக்கம் சாய்ந்தால் நாங்கள் வலப்பக்கம் சாய வேண்டும். அது மனம் மாறினால் நாங்களும் மாற வேண்டும். இரண்டு கரையிலும் நீப்பா மரம், அதற்குப் பின்னாலும் நீப்பா மரம்.

மாலை நாலு மணிக்கு எங்கள் வீட்டுக்காரர் செம்போடு உட்கார்ந்தார். மாடு ஒரே உதை. செம்பு ஆற்றில், அவர் ஓலைக்கட்டின் மேல்.

"என்னாண்ணே, பொறந்துடுச்சு போலருக்கே அந்த மாடு?" என்றார் காதர் நானா. அந்த மீசைப் பேச்சை நான்தான் அவரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

நான் கறந்திருக்கலாம். ஆனால் என் வலது கட்டை விரலில் நகச்சுற்று. எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் மாட்டிக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையும் அதே உதை. மடி கல்லாக இறுகி, தொட்டால் சுட்டது. இன்னொரு வேளையும் கறக்காவிட்டால் மடி கெட்டுவிடும், மாடு பால்மாடாக ஊர் சேராது. ஆறு வீடும் போய்விடும். கேலி பேச எனக்கே தெம்பில்லை.

பத்து மணிக்குக் கோலா மூடா வந்தோம். ஆற்று வாயில் மணல்மேடு. மூன்று மணிக்கு நீர் ஏறினால்தான் கடலுக்குள் போக முடியும். தொங்கான் நின்றது. மாடு மட்டும் தலையைத் திருப்பித் திருப்பி முதுகில் கிடந்த சேலையை நக்கிக்கொண்டிருந்தது. உப்புக்கு நக்குகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். தவிட்டில் உப்புக் கலந்து வைத்தேன். அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இந்தாங்க, அந்தச் சேலையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

"எவன் கட்டுவான்? ஏ புள்ள, எனக்கு மீசை இருக்கு."

"மீசைக்கு முக்காடு போட்டுக்கலாம்."

கரையில் வலை காயப்போட்ட மீனவர்கள் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காதர் நானா மரியாதையாகக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. எங்கள் வீட்டுக்காரர் மாட்டைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், பிறகு சேலையைச் சுற்றிக்கொண்டார். கொசுவம் நான் வைத்துவிட்டேன், ஒற்றைக் கையால்.

மாடு அவர் தோளை முகர்ந்தது. நீளமாக ஒரு மூச்சு விட்டது. சோற்றுச் சட்டியில் முதல் பீச்சுப் பால் சத்தமாக விழுந்தது.

கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவருடைய மூக்கு நுனியில் வியர்வையா கண்ணீரா என்று நான் கேட்கவில்லை. காதர் நானா அந்தப் பாலில் தேத்தண்ணீர் போட்டார். "அக்காவும் தங்கச்சியும் குடிங்கலா" என்று எங்கள் இருவருக்கும் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜார்ஜ் டவுன் துறையில் இறங்கினோம். இறங்குவதற்கு முன், அத்தனை கூலியாட்களுக்கும் எதிரே, நான் சொல்லாமலே அவர் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு கறந்தார். ஆயர் ஈத்தாமுக்கு ஐந்து மைல். டிராமில் மாட்டை ஏற்றமாட்டார்கள். அவர் மாட்டோடு நடந்தார். நான் டிராமில் போனேன். யாராவது ஒருவர் களைப்பு ஆற வேண்டுமே. சனிக்கிழமை ஆறு வீட்டுக்கும் பால் போனது.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கோலா மூடாவில் நீர் ஏறும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். செம்பு இரண்டு எடுத்துப் போங்கள். கன்று இல்லாத மாடு என்றால், கறந்தவளின் சேலையையும் கேட்டு வாங்குங்கள். துவைத்துவிடாதீர்கள்.

இன்றும் விடியற்காலை ஐந்து மணிக்கு அவர்தான் சேலை கட்டிக் கறக்கிறார். இத்தனை அலைச்சலுக்குப் பிறகு நான் ஆறு மணி வரை படுத்திருக்கிறேன். என் விரல் ஆறி ஒரு மாதம் ஆகிறது. எலுமிச்சம்பழத்தை மட்டும் நாலு நாளைக்கு ஒருமுறை மாற்றிக்கொள்கிறேன். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. இதை யாரும் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.