ஆடி அமாவாசையில் அம்மாவின் பெயர்

ஆடி அமாவாசை காலையில் குறுக்குத்துறை ஆற்றுப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. அம்மாவும் நானும் மேல்படியில் நின்றோம். கீழே, தர்ப்பணம் கொடுக்க வரிசையாக உட்கார்ந்திருந்த ஆண்களுக்கு நடுவில், இறந்துபோன அப்பாவுக்காக அண்ணன் ஈர வேட்டியோடு இருந்தான். திங்கட்கிழமை அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை. "செத்தா வீட்டுலயே சாவுதேன்" என்று பல மாதம் மறுத்தவளை, பெங்களூரிலிருந்து வந்து அவன்தான் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தான். சின்னச் சகுனம் ஒன்று போதும், அந்தச் சம்மதம் போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தோம்.

வழக்கமாக வீட்டுக்கு வரும் ஐயர் எங்கள் குடும்பம் தெரிந்தவர். அண்ணன் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லித்தருவார். இந்த முறை அவருக்கு உடம்பு சரியில்லை. படித்துறையில் இருந்த வேறு ஐயர் ஒருவர் கூட்டம் முழுவதற்கும் மைக்கில் சொல்லிக்கொடுத்தார்.

எங்கள் வீட்டில் யாருக்கும் சமஸ்கிருதம் தெரியாது. மதிப்பெண் கிடைக்கும் என்று பள்ளியில் நான் கொஞ்சம் படித்ததோடு சரி. ஆனால் கல்யாணமும் கருமாதியும் அந்த மொழியில்தான் நடந்தன. ஒருமுறை பத்திரிகைக்குச் செய்தி எழுதப் போய், ஆற்றங்கரைக் கோயில் ஒன்றில் கல்வெட்டுப் படியெடுப்பதைப் பார்த்தேன். தொடக்கத்தில் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்ற மங்கலம் கிரந்த எழுத்தில் இருந்தது. அதற்குப் பிறகு வயல், வாய்க்கால், எல்லை எல்லாம் தமிழ். நாங்களும் அப்படித்தான். மருத்துவரிடம் தமிழில் பேசினோம். இறந்தவர்களிடம் பேச, அர்த்தம் தெரியாத மொழி ஒன்றை வைத்திருந்தோம்.

அப்பா, தாத்தா வரிசை முடிந்தது. ஐயர் 'மாத்ரூ:' என்று தொடங்கினார். எல்லோரும் அவரவர் தாயின் பெயரைச் சொன்னார்கள். அண்ணனும் சொன்னான். எள்ளும் தண்ணீரும் அவன் கையிலிருந்து தாம்பாளத்தில் விழுந்தன.

"ஏட்டி, அவன் என் பேரையா சொன்னான்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் காது நன்றாகக் கேட்கும்.

"ஆமாம்மா. செத்துப்போன அம்மாவுக்குத் தண்ணி விடுத இடம் அது."

அம்மா என் தோளைப் பிடித்துப் பைய இறங்கினாள். "ஏல, நிறுத்து" என்றாள். நான் விஷயத்தைச் சொன்னதும் அண்ணனின் முகம் வெளிறியது. பக்கத்தில் இருந்தவர், "ஆச்சி உசுரோட வந்து நிக்காவ, இப்ப என்ன சொல்லுதீரு வே சாமி?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

"அம்மா இருக்கறவா இதை விட்டுடுங்கோன்னு மைக்லயே சொன்னேனே" என்றார் ஐயர்.

"சத்தத்துல கேக்கல" என்றான் அண்ணன். பிறகு அம்மாவைப் பார்த்து, "ஆபரேஷன தள்ளி வச்சிருவோம்மா" என்றான்.

அம்மா ஐயர் பக்கம் திரும்பினாள். "சாமி, இந்தத் தண்ணி எதுக்கு?" என்று கேட்டாள்.

"பித்ருக்கள் தாகத்தோட வருவாம்மா. அவா திருப்தியாகணும்னு."

"எனக்குத் தாகமில்ல. இப்பத்தான் காப்பி குடிச்சிட்டு வாரேன்." அவள் முகத்தில் சிரிப்பில்லை. "இவனுக்கு முதல்ல இருந்து சொல்லிக்குடுங்க. அர்த்தத்தையும் சொல்லுங்க. என்ன சொல்லுதோம்னு தெரியாமச் சொல்லிட்டு இப்பப் பதறுதான்."

அந்த வரிசை எழுந்து போனதும் ஐயர் மைக்கை அணைத்துவிட்டு அண்ணன் எதிரே உட்கார்ந்தார். ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் தமிழில் சொன்னார். அப்பாவின் முறை வந்தபோது அண்ணன் அர்த்தத்தை இன்னொரு முறை கேட்டான். இத்தனை வருடம் அப்பாவின் தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது அவனுக்கு அன்றுதான் தெரியும். திணறித் திணறிச் சொல்லி முடித்தான்.

பிறகு தாயின் இடம் வந்தது.

"இங்கே உங்களுக்கு ஒண்ணுமில்லை" என்று ஐயர் நிறுத்தினார். அண்ணன் கையை மூடிக்கொண்டான். அம்மா அவனுக்குப் பின்னால், புடவை நனைய, ஈரப்படியில் உட்கார்ந்திருந்தாள். அடுத்து, அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயரைச் சொல்லி அவன் தண்ணீர் விட்டான்.

எழுந்திருக்க அம்மா என்னிடம் கை நீட்டினாள்.

"திங்கக்கெழமைக்கு வண்டி சொல்லியாச்சால?" என்று அண்ணனைக் கேட்டாள்.