வெட்டிய ஓரம்

மடவார் வளாகம் தாண்டி இராஜபாளையம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். உள்ளாடைக்குள் வைத்திருந்த பேடு நனைந்து கனத்தது. புராஸ்டேட் சுரப்பியை எடுத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. நடந்தால் மூத்திரம் கசியும். கசியட்டும் என்று நடந்தேன்.

என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடம் கூட்டிப்போயிருந்த மச்சான், அக்காவின் வீட்டுக்காரர், பைக்கில் பின்னாலேயே ஊர்ந்து வந்தார்.

"ஏறுலே மாப்ள. அக்கா கட்டில் போட்டு வச்சிருக்கா."

"கட்டிலா, பாடையா?"

"வாயக் கழுவுலே."

எடுத்த சுரப்பியின் வெட்டிய ஓரத்தில் புற்றுச் செல்கள் தெரிகின்றன என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் போன ஊர்களிலெல்லாம் ஏதேதோ வேலை பார்த்தவன். அவற்றில் பேண்டேஜ் துணி வெட்டியதும் ஒன்று. ஓரத்தில் நூல் பிரிந்திருந்தால் ஒரு விரல் தள்ளி வெட்டுவோம். அந்தப் பழக்கத்தில் கேட்டேன்: "இன்னும் ஒரு விரல் தள்ளி வெட்டியிருக்கலாம்ல, சார்?"

அவர் சிரிக்கவில்லை. "தள்ள இடமில்லைய்யா. மேல மூத்திரப்பை, பின்னால மலக்குடல்."

"அப்ப திரும்ப வருமா?"

"வரலாம், வராமலும் போகலாம். ஓரம் சுத்தமா இருக்கவங்களவிட உங்களுக்கு வாய்ப்பு கூடுதல். இப்ப ரத்தத்துல பி.எஸ்.ஏ., அதான் இந்தப் புத்த காட்டிக்கொடுக்கிற அளவு, தெரியாத அளவுக்கு இறங்கியிருக்கு. மூணு மாசத்துக்கு ஒருக்கா பாக்கணும். ஏறினா கரண்ட், அதான் கதிர்வீச்சு, வைக்கணும்."

வெளியே வந்ததும் மச்சான் அக்காவுக்குப் போன் போட்டு, "மிச்சம் இருக்காம்ட்டி" என்றார். போனுக்குள் அக்கா அழுதது எனக்கே கேட்டது. அப்போதுதான் நடக்க ஆரம்பித்தேன்.

"நடந்து எங்கலே போவ?" என்றார் மச்சான். "எந்த ஊர்லயாச்சும் சேந்தாப்புல மூணு மாசம் இருந்திருக்கியா? அடுத்த டெஸ்டுக்கு உன்ன எங்க போய்த் தேட?"

நடையை நிறுத்தி அவர் பக்கம் திரும்பினேன்.

"அக்கா வீட்லதான் இருப்பேன். ஆனா கட்டில்ல இல்ல."

ஏறிக்கொண்டேன். அன்று அக்கா வீட்டில் பாயை விரித்துத் தரையில் படுத்தேன். கட்டில் சும்மா கிடந்தது.

மறுநாள் காலை இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் போய் நின்றேன்.

"கனம் தூக்க மாட்டேன் அண்ணாச்சி. அடிக்கடி கக்கூஸ் போவேன். மூணு மாசத்துக்கு ஒரு நாள் லீவு வேணும்."

"சேர்றதுக்கு முன்னாடியே லீவா?" என்றார் சூப்பர்வைசர். "வேற என்ன வேணும், மெத்தையா?"

"கத்திரி."

வெட்டு மேசையைக் காட்டினார். முதல் துணியிலேயே ஓரம் பிரிந்திருந்தது. ஒரு விரல் தள்ளி வெட்டினேன்.