பெரிய சக்கரமும் களிமண் அக்காவும்

பட்டாணி அளவு களிமண்ணை அக்கா உள்ளங்கையில் உருட்டி, காரின் சக்கரம் சுழலும் கூட்டின் கூரையில் ஒட்டுகிறார். அடுத்த உருண்டை பக்கவாட்டில். இன்னொன்றை, தலையை முழுதாக உள்ளே நுழைத்து, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத ஓர் இடுக்கில் வைக்கிறார். பிள்ளைகள் பொம்மை செய்யும் வண்ணக் களிமண்தான். ஆபத்தான இடத்துக்கு மட்டும் சிவப்பு. "இது பொய் சொல்லாது சார். டயர் எங்க தொடுதோ, அங்க நசுங்கிடும்." குரல் தகரத்துக்குள்ளிருந்து வருகிறது.

வேகக் கார்களுக்குப் பெரிய சக்கரம் மாட்டும் பட்டறை அது. கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். டயரை ரிம்மில் ஏற்றிச் சுழற்றிச் சமன் பார்ப்பது கணவர். வாயில் பேச்சு அபூர்வம். காரில் பொருத்துவது மனைவி. நாற்பத்தைந்து வயதிருக்கும். முழங்கை வரை மடித்த நீலச் சட்டை, காதிடுக்கில் சாக்பீஸ். தலை நரைத்த வாடிக்கையாளர்களுக்கும் அவர் "களிமண் அக்கா"தான். என் பழைய காருக்குப் பஞ்சர் ஒட்டப் போன இடத்தில் பழக்கமாகி, இப்போது வேலையில்லாவிட்டாலும் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

நட்டு முறுக்கும்போது யாரும் பேசக் கூடாது. ஒன்றை முறுக்கி, எதிர்ப்பக்கத்துக்குத் தாவி, மறுபடி இந்தப் பக்கம் வருவார். "முடிஞ்சுதா?" என்று கேட்டால் "உட்கார்ந்திருக்கு" என்பார். வண்டிக்காரர் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்ததும், நட்டுகளை அக்கா திரும்பச் சோதித்த பிறகுதான் "முடிஞ்சுது". இத்தனைக்கும் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. வருவதும் போவதும் பஸ்ஸில். "ஓட்டத் தெரிஞ்சா ரோட்டப் பார்ப்பேன். தெரியாததால சக்கரத்தைப் பார்க்கிறேன்" என்று சொல்லி, தானே முதலில் சிரித்துக்கொள்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பல் டாக்டர் ஒருவர் மனைவியோடு சிவப்புக் காரில் வந்தார். தாழ்ந்த உடம்பு, இரண்டே இருக்கை. போன வாரம்தான் வேறொரு கடையில் பழைய சக்கரங்களைக் கழற்றிவிட்டு, இரண்டு அங்குலம் பெரியதாகவும் நல்ல அகலமாகவும் புதிது மாட்டியிருந்தார். பார்க்கக் கண்கொள்ளவில்லை. சமன் மட்டும் பார்த்தால் போதும் என்றார். ஆனால் கார் பட்டறை வாசலில் வளைந்து ஏறும்போதே அக்கா நிமிர்ந்துவிட்டார். எனக்கு எஞ்சின் உறுமல்தான் கேட்டது.

"சார், இதை எங்கயும் எடுத்துட்டுப் போகாதீங்க."

"ஏன்? நாளைக்கு மலைக்குப் போறோம். ரூமெல்லாம் போட்டாச்சு."

"முன்னாடி இடது பக்கம் ஏதோ உரசுது."

"மாட்டினவர் நாலு தடவ பார்த்துட்டுத்தான் கொடுத்தார். நீங்க இன்னும் குனிஞ்சுகூடப் பார்க்கல!"

அக்கா குனிந்து களிமண்ணை ஒட்டினார். டாக்டர் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஒரு வட்டம் அடித்தார். உருண்டைகள் அப்படியே இருந்தன. "பார்த்தீங்களா?" என்று இறங்கப் போனவரிடம், "உங்க வீட்டம்மாவும் ஏறட்டும்" என்றார் அக்கா.

"என் எடையை ஊருக்கே காட்டணுமா?" என்று சிரித்துக்கொண்டே அந்த அம்மாள் ஏறினார். கார் மறுபடி ஒடிந்து வாசல் மேட்டில் ஏறியது. நகத்தால் துணியைக் கீறுவதுபோல ஒரு சத்தம். இந்த முறை எனக்கும் கேட்டது.

சக்கரத்தைக் கழற்றினார். சிவப்புக் களிமண் காகிதமாய் நசுங்கிக் கிடந்தது. அதைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்தார். கிளிப்பில் சரியாக உட்காராமல் பிதுங்கி நின்றது ஒரு ரப்பர் குழாய்; அதன் ஒரு பக்கம் ஏற்கெனவே தேய்ந்து பளபளத்தது.

"பிரேக் எண்ணெய் போற குழாய் சார் இது. மலையில இறங்கும்போது வளைவுக்கு வளைவு தேயும். அறுந்துச்சுன்னா பெடல் தரையோட போயிடும்."

டாக்டர் குனிந்து குழாயைப் பார்த்தார். அவர் மனைவி குழாயைப் பார்க்கவில்லை. கணவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பழைய சக்கரத்தையே மாட்டிடுங்க" என்றார் டாக்டர், கடைசியில்.

"ஆசைப்பட்டு வாங்கியிருக்கீங்க. சாயங்காலம் வரைக்கும் எனக்கு டைம் குடுங்க."

புதுக் குழாய் போட்டு, கிளிப்பில் அழுத்தி உட்காரவைத்தார். சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் ஒரு வட்டத் தகடு செருகி, அதற்கேற்ற நீள போல்ட்டுகளைப் போட்டு, சக்கரத்தை வெளிப்பக்கம் தள்ளினார். உள்ளே இடம் கிடைத்தது. வெளியே மட்கார்டின் விளிம்பு இடித்தது. அந்த விளிம்பை உள்பக்கமாக மடித்தால்தான் தீரும். டாக்டர் பதறினார்: "பெயின்ட் வெடிச்சிடுமே!"

"பல்லைப் புடுங்கறதுக்கு முன்னாடி மரத்துப்போக ஊசி போடுவீங்கல்ல? இதுக்குச் சூடு."

வெப்பக் காற்றை வீசி, மணிக்கட்டின் பின்புறத்தால் சூடு பார்த்தார். குழந்தைக்கு வெந்நீர் பார்க்கும் அதே மணிக்கட்டு. சக்கரம் இருந்த இடத்தில் ஓர் உருளைக் கருவியைப் பூட்டி, விளிம்பின்மேல் ஒரு மயிரிழை அழுத்தம் கொடுத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்தார். மறுபடி சூடு. மறுபடி ஒரு மயிரிழை. நான் இருபது வரை எண்ணி விட்டுவிட்டேன். கணவர் தன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து கைகட்டி நின்றார். இருபது வருஷமாகப் பார்க்கிறவருக்கே அப்படியென்றால் நான் எம்மாத்திரம்? இரும்புத் தகடு, ஈரத்துணியின் ஓரத்தைப்போல மெல்ல மெல்ல உள்ளே மடங்கிப் போனது. ஒரு பக்கம் முடிந்து மறுபக்கமும் முடிந்தபோது, முகத்தை ஒட்டவைத்துத் தேடினேன். சிவப்பில் ஒரு கீறல் இல்லை. ஏனோ எனக்குக் கண் கலங்கியது.

சாயங்காலம் சக்கரங்கள் ஏறின. அந்த அம்மாள் மறுபடி உட்கார்ந்தார். அவர் காலடியில் இரண்டு மணல் மூட்டைகள் வேறு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மேட்டில் ஏறி இறங்கி வந்து நின்றது கார். ஒரு சத்தமும் இல்லை.

டாக்டர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். காலையிலிருந்து "நீங்க" என்று மட்டுமே பேசியவர், தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எவ்வளவு இடம் இருக்கு, அக்கா?"

அக்கா எண் எதுவும் சொல்லவில்லை. டாக்டரின் கையைப் பிடித்துத் தரையில் உட்காரவைத்தார். வெள்ளைச் சட்டையின் கைமடிப்பைத் தானே ஏற்றிவிட்டு, அவருடைய சுண்டு விரலை டயருக்கும் குழாய்க்கும் நடுவே நுழைத்து, அவராக வெளியே எடுக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.