கம்பம் பிடுங்கும் வரை

எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் கம்பம் நட்டுவிட்டால், அதைப் பிடுங்கும்வரை சில காரியங்கள் கிடையாது. கல்யாணம் கிடையாது. எண்ணெய் காய்ச்சித் தாளிப்பது கிடையாது. நட்ட அன்று ஊருக்குள் இருந்தவர்கள் எல்லை தாண்டிப் போய் இரவு தங்குவது கிடையாது. சாவும் கிடையாது. இந்தக் கடைசிச் சங்கதி மட்டும் எனக்கு அந்த வருடம்தான் தெரிந்தது.

கம்பம் என்பது மூன்று கவராகப் பிரிந்த ஒரு பால்மரக் கொம்பு. கோயில் முன்னால் குழி தோண்டி நடுவார்கள். ஆத்தாளுக்கு அதுதான் புருசன். நட்ட நாள் முதல் விடியற்காலையில் வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர், மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, அதன் தலையில் ஊற்ற வேண்டும். பொழுது சாய்ந்ததும் தப்பு முழங்க ஆண்கள் அதைச் சுற்றி ஆடுவார்கள். கடைசி நாள் அந்தியில் பூசாரி அதைப் பிடுங்கிக் கிணற்றில் விடுவார். அப்போது பெண்கள் அழவேண்டும். ஆத்தா தாலியறுக்கிறாள் அல்லவா! வயதானவர்கள் முறைக்காக அழுவார்கள். பின்னால் நிற்கும் குமரிகள் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொள்வார்கள்.

நான் கோயமுத்தூரில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எழுத்தறிந்தவன் நான் ஒருவனே. ஸ்கூல் பைனல் பரீட்சைக்கு முன்னால் விட்ட லீவில் புத்தகக் கட்டோடு ஊருக்கு வந்தேன். வந்த அன்றே கம்பம் நட்டுவிட்டார்கள். டவுனில் மைதானத்துக் கூட்டங்களுக்குப் போய்க் கேட்பது உண்டு. சாமி வெறும் கல் என்று ஒருவர் பேசுவார். எல்லாருடைய நெஞ்சிலும் ஒரே சாமிதான் என்று மறுவாரம் இன்னொருவர் பேசுவார். இரண்டும் எனக்குச் சரியாகவே பட்டன. ஆனால் பொழுது சாய்ந்து தப்புச் சத்தம் கேட்டால் புத்தகத்தின்மேல் கண் நிற்காது. கால் தானாகக் கோயிலுக்குப் போகும்.

"ஏனுங்க மாப்ள, டவுன்ல ஆட்டமெல்லாம் இங்கிலீசுலதானுங்களா?" என்று ஒருவர் என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளுவார்.

"உடுங்க, அவருக்கு அடவு தப்பிப்போட்டா வாத்தியாரு வந்து பெஞ்சு மேல ஏத்தீருவாரு" என்பார் பின்னால் வருகிறவர். அடவு தப்பத்தான் செய்தது. அவர்கள் சிரித்துக்கொண்டே என் காலுக்குத் தக்கபடி தங்கள் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அந்த வட்டத்துக்குள் இருக்கும்போது நான் மைதானத்தில் கேட்ட எதுவும் ஞாபகத்துக்கு வந்ததில்லை.

தங்கச்சிக்கு அப்போது பால்பல் விழுந்து முன்பல் முளைத்திருந்தது. அம்மா குடம் ஊற்றினால் அவள் பக்கத்தில் நின்று ஒரு சின்னச் சொம்பு ஊற்றுவாள். பிறகு ஓடிப்போய் இன்னொரு சொம்பு சேந்திவந்து ஊற்றுவாள்.

"அதென்ன ரெண்டாஞ் சொம்பு?" என்று கேட்டேன்.

"அது உனக்கு. நீ பாஸாகோணும்னு ஆத்தாகிட்டச் சொல்லீருக்கறேன்."

"ஆத்தாளுக்கு இங்கிலீசு தெரியுமா?"

"உனக்குத் தெரிஞ்சா அவளுக்குத் தெரியாதாக்கும்?" என்றாள். அம்மா சிரித்தாள். அன்று அம்மா வாய்விட்டுச் சிரித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நோம்பி பாதி நடக்கையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அம்மையில்லை என்று பூசாரி பார்த்துச் சொல்லிவிட்டார். அப்பா அன்னூருக்கு வண்டி பூட்டிப்போய்க் கம்பவுண்டரிடம் மருந்து வாங்கி, விளக்கு வைப்பதற்குள் திரும்பினார். காய்ச்சல் இறங்கவில்லை. விஷக்காய்ச்சலாக இருக்கும், கோயமுத்தூர்ப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நான் சொன்னேன். கொண்டுபோனால் அங்கேயே தங்க வேண்டிவரும். அப்பா கம்பம் இருந்த திக்கைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

"காலைல பூட்டறேன். ஆத்தா என்னையக் கேக்கட்டும், நாஞ் சொல்லிக்கறேன்" என்றார்.

வண்டிக்குள் வைக்கோல் பரப்பி அதன்மேல் கோணிச் சாக்கு விரித்து வைத்தார். அவள் காலைவரை இருக்கவில்லை. கோயிலில் ஆட்டம் உச்சத்தில் இருந்த நேரம். தப்புச் சத்தத்தில் அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்பதுகூட எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

அம்மா வாயைத் திறந்தாள். அவள் அழுகை வெளியே வருவதற்குள் பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி, அவள் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்திவிட்டாள். "வேண்டாம் கண்ணு, வேண்டாம். கம்பம் நிக்குது" என்று காதில் சொல்லிக்கொண்டே அவளும் அழுதாள், சத்தமில்லாமல்.

பெரியப்பா போய் ஊர்க்கவுண்டரைப் பின்வாசல் வழியாக அழைத்துவந்தார். நல்ல மனிதர். யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பாயில் கிடந்தவளைப் பார்த்து நின்றார். அவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது.

"மாப்பிள்ளை, ஊருக்குள்ள சாவுன்னு ஒரு சொல்லு உழுந்துபோச்சுன்னா நோம்பிய நிறுத்தோணுமுங்க. கம்பத்தப் பாதியில புடுங்கோணும். அப்புறம் ஆத்தா ஊடு ஊடா வருவாங்க. பக்கத்தூர்ல போன வருசம் என்னாச்சுன்னு தெரியுமல்லங்க?" என்று அப்பாவைக் கேட்டார்.

தெரியும். அங்கே அம்மை கண்டு பல வீடுகளில் பிள்ளைகள் போயிருந்தார்கள்.

"அதுக்கு?" என்று கேட்டேன் நான். பெரியவர்கள் பேசும்போது நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "செத்தவளைச் சாகலைன்னு சொல்றதுங்களா?"

அவர் கோபிக்கவில்லை. "சாகலைன்னு யாருங்க தம்பி சொன்னது? கம்பம் புடுங்கற வரைக்கும் இல்லைங்கறோம். அப்பறம் ஊரே வந்து எழவு கேக்கும். உங்க புள்ளை எங்க புள்ளை இல்லீங்களா?"

ஊர் எல்லையைத் தாண்டத் துணிந்த அப்பா, இதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். நான் அதைப் பல வருடம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். எல்லை தாண்டியிருந்தால் குற்றம் அவர் தலையோடு போயிருக்கும். இது ஊர்ப்பிள்ளைகள் எல்லாருடைய தலையிலும் விழுகிற காரியம் என்று அவர் நம்பினார். நான் நம்பவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் முகம் எனக்கும் தெரியும்.

கிழக்கு வெளுக்கும் முன்பு அப்பாவும் பெரியப்பாவும் நானும் அவளைப் புழக்கடை வழியாக எடுத்துக்கொண்டு எங்கள் காட்டுக்குப் போனோம். ஆஸ்பத்திரிக்கு விரித்த அதே சாக்கில்தான் சுற்றினோம். வேலிக்கால் ஓரம் வேலமரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தோம். சங்கு இல்லை, தப்பு இல்லை, ஒரு பிடி மண் போட நாலு பேர் இல்லை. அப்பா மண்வெட்டியை வாய்க்காலில் கழுவினார்.

திரும்பி வந்தபோது அம்மா ஈரச்சேலையோடு குடத்தில் மஞ்சளைக் கரைத்துக்கொண்டிருந்தாள். சாவு இல்லையென்றால் தீட்டு இல்லை. தீட்டு இல்லையென்றால் எங்கள் வீட்டுத் தண்ணீர் கம்பத்துக்குப் போயாக வேண்டும். நான் குடத்தைப் பிடுங்கப் போனேன். அவள் விடவில்லை; நானும் கூடப் போனேன்.

கோயில் முன்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். கிழக்கு வீதியிலிருந்து வந்த ஒருத்திக்கு விஷயம் தெரியாது. "ஏனுங்க்கா, சின்ன அம்மணியக் காணோம்? இன்னைக்குச் சொம்பு வரலீங்களா?" என்றாள்.

"தூங்குதுங்க" என்றாள் அம்மா.

குடத்தைத் தூக்கி ஊற்றினாள். கம்பத்தின்மேல் விழுந்த தண்ணீர் எங்கள் இருவர் காலிலும் வழிந்தது. அவள் உதடு எப்போதும்போல வேண்டுதலாக அசைந்தது. யாருக்காக, என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அது எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், அதன்பின் யாரும் தங்கச்சியைப் பற்றிக் கேட்கவே இல்லை. எங்கள் மாடுகளுக்கு யாரோ தண்ணீர் காட்டியிருந்தார்கள். கிணற்றடிக்கு அம்மா போனால் பேச்சை நிறுத்தி, முதலில் அவளுக்குக் கயிற்றைக் கொடுத்தார்கள். அத்தனை அன்பு. ஒருவர்கூட அதை வாயால் சொல்லவில்லை.

அம்மா சமைத்தாள், ஏனென்றால் அடுப்பு புகைய வேண்டும். சாப்பிட்டோமா என்று யாரும் பார்க்கப் போவதில்லை. பகலில் திரிகையின் முன் உட்கார்ந்து சுற்றிக்கொண்டே இருப்பாள். கல் அரைபடும் சத்தத்துக்குள் அவளிடமிருந்து வேறொரு சத்தம் வரும். கிட்டப் போய்ப் பார்த்தேன். கல்லுக்குள் ராகி இல்லை. வெறும் கல்லைத்தான் சுற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், "நான் இன்னைக்கு ஆட்டத்துக்கு நடுவுல போய் நின்னு சொல்லிப்போடறேன்" என்றேன். "என் தங்கச்சி செத்துட்டான்னு கத்தறேன். நோம்பி நின்னா நிக்கட்டும்."

அம்மா திரிகையை நிறுத்தினாள்.

"நீ கத்திப்போட்டு டவுனுக்குப் போயிருவ கண்ணு. நான் இந்த ஊர்க் கெணத்துலதானே தண்ணி சேந்தோணும்? நாளைக்கு ஆரு ஊட்டுப் புள்ளைக்காவது காய்ச்சல் வந்தா, எம் மூஞ்சியத்தான் பார்ப்பாங்க."

"உனக்கு அழ வேண்டாமா?"

"வேணும்" என்றாள். அவ்வளவுதான். மறுபடி கல்லைச் சுற்றத் தொடங்கினாள்.

அன்று மாலை நான் கோயிலுக்குப் போகவில்லை. வீட்டுக்குள் இருந்துகொண்டு தப்பைக் கேட்டேன். அந்த அடியின் ஒவ்வொரு திருப்பமும் எனக்குத் தெரிந்திருந்தது. கால் அசையப் பார்த்தது. அதை வெறுத்தேன்.

கம்பம் பிடுங்கும் நாளும் வந்தது. அம்மா குளித்துப் போய்ப் பெண்களோடு நின்றாள். பூசாரி கம்பத்தைக் கட்டிப்பிடித்து அசைத்து மேலே இழுத்தார். வயதான பெண்கள் மாரில் கை வைத்து முறைப்படி அழ ஆரம்பித்தார்கள். அந்த வருடம் பின்னாலிருந்து சிரிப்பு வரவில்லை. குமரிகளும் அழுதார்கள், கிழக்கு வீதிக்காரி தேம்பித் தேம்பி அழுதாள். எல்லார் கண்ணும் அம்மாவின்மேல் இருந்தது. இங்கே அழுதால் யாரும் எதுவும் கேட்க முடியாது என்று அவளுக்கு இடம் பண்ணிக் கொடுத்ததுபோல் இருந்தது. அம்மா அழவில்லை. கம்பத்தைத் தோளில் வைத்துத் தூக்கிப்போய்க் கிணற்றில் விட்டார்கள். அது தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கும்வரை காய்ந்த கண்ணோடு நின்றாள்.

ஊர்க்கவுண்டர் எங்களிடம் வந்தார். கை கூப்பியிருந்தார். "ஊரைக் காப்பாத்திக் குடுத்தீங்க. இனி மனசாற அழுதுக்குங்க அம்மணி" என்றார்.

அம்மா அதுவரை அவரிடம் நேராகப் பேசியதில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்: "தப்படிக்கச் சொல்லுங்க."

அவருக்குப் புரியவில்லை.

"எங்க ஊட்டு வாசல்ல சாவுத் தப்படிக்கச் சொல்லுங்க. எம் புள்ளை செத்துப்போச்சுன்னு ஊரு கேக்கட்டும்."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். "சின்னப் புள்ளைக்குத் தப்படிக்கற மொறையில்லீங்களே, அம்மணி" என்றார் மெதுவாக.

"இல்லாத மொறையெல்லாம் நாஞ் செய்யலீங்களா?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தப்புக்காரர்கள் நின்ற பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

கம்பத்துக்கு அடித்த அதே தப்புகள்தான். தோலைத் தீயில் காட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து வேறு அடி அடித்தார்கள். முதல் அடி விழுந்ததும் அம்மா மண்ணில் உட்கார்ந்தாள். தங்கச்சியின் பேரைச் சொல்லி அலறினாள். கோயிலில் அழுத பெண்கள் எல்லாரும் வந்து அவளைச் சுற்றித் தோளோடு தோள் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெரியம்மாவின் கை அம்மாவின் கழுத்தைக் கட்டியிருந்தது. அன்று வாயைப் பொத்தியதும் அந்தக் கைதான். நான் வாசலோரம் நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை வெறுக்கவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை.

அடுத்த பஸ்ஸில் பரீட்சைக்குப் போனேன். பாஸானேன். அதை ஊருக்கு வந்து சொன்னபோது அம்மா தலையை மட்டும் அசைத்தாள்.

மறுவருடம் நோம்பிக்குப் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். அம்மா எப்போதும்போல விடியலில் குடம் ஊற்றினாள். பிறகு இடுப்பிலிருந்து அந்தச் சின்னச் சொம்பை எடுத்து, குடத்தில் மிச்சம் வைத்திருந்த தண்ணீரை அதில் ஊற்றி என்னிடம் நீட்டினாள்.

"உன் தங்கச்சி உனக்குன்னு வேண்டி ஊத்துனா. கடன் நிக்கக்கூடாது. நீ ஊத்து."

வரிசையில் நின்ற பெண்கள் எனக்கு வழிவிட்டு விலகினார்கள். புதுக் கம்பம், பட்டைகூட இன்னும் பச்சையாக இருந்தது. எனக்கு எந்த வேண்டுதலும் வரவில்லை. ஊற்றினேன்.